மன்னிக்கும் அதிகாரம்

மனிதர் செய்யும் சகல பாவங்களுக்கும் மன்னிப்பு உண்டென்றும், பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் ஒன்றுக்கு மட்டும் இம்மையிலும் மறுமையிலும் அது கிடையாதென்றும் மத்தேயு சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தப் பாவம் இன்னதென்று திட்டமாக வரையறுக்கப்படாமையால் கிறிஸ்துவ வேத சாஸ்திரிகள் நூற்றாண்டுக் கணக்காக அதைப் பற்றி வாதம் புரிந்து வந்திருக்கிறார்கள்; தாம் அறியாமல் அதையே செய்துவிட்டோமோ என்று அஞ்சி நித்திரை இழந்த பக்தர்களும் அநேகர். சாஸ்திரிகளின் விடைகளுள் எது சரியென்று தீர்ப்புக் கூறும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் சாஸ்திரி அல்லாத, சபைக் காரியங்களிலும் பெரிய ஈடுபாடு காட்டாத ஓர் அமெரிக்க நாவலாசிரியர் அதற்குச் சொன்ன விடை மட்டும் என் மனத்தை விட்டு அகலுவதில்லை. நதானியல் ஹாதோர்ன் 1840-களில் தம் குறிப்பேட்டில் ஒரு கதைக்கான கருவை எழுதிவைத்தார்: பிறருடைய ஆத்மாவினிடத்தில் அன்போ மரியாதையோ இன்றி, அதை மேம்படுத்தும் நோக்கமும் இன்றி, அறியும் ஆவல் ஒன்றினாலேயே அதன் இருண்ட ஆழங்களைத் துருவிப் பார்ப்பதுதான் அந்த மன்னிக்கப்படாத பாவமாக இருக்குமோ என்பது அதன் சாரம். 'ஈதன் பிராண்ட்' என்ற சிறுகதை அந்தக் கருவிலிருந்து முளைத்தது. அதன் முழு வளர்ச்சியை, 1850-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாஸ்டன் நகரத்தில் வெளியான 'ஸ்கார்லெட் லெட்டர்' என்னும் நாவலிலேதான் காண்கிறோம். மறைத்த பாவம் மனிதனை உள்ளிருந்து அரித்துத் தின்னும் கதையாகவே பெரும்பாலோர் அதைப் படிக்கிறார்கள். எனக்கோ அது, மன்னிக்கும் அதிகாரம் யாரிடத்தில் இருக்கிறது, அதை உடையவன் அதை உபயோகிக்க மறுத்தால் அவன் கதி என்னவாகும் என்ற கேள்வியின் கதையாகவே படுகிறது.

இந்தக் கேள்வி ஹாதோர்னுக்கு வெறும் தத்துவ விசாரமன்று. அது அவருடைய குடும்பச் சொத்து. மாஸசூஸெட்ஸ் மாகாணத்துச் சேலம் என்னும் துறைமுக ஊரில் 1804-இல் பிறந்தவர் அவர். அவருடைய மூதாதையரில் ஒருவரான வில்லியம் ஹாதோர்ன், குவேக்கர் சமயத்தாரைக் கொடுமைப்படுத்தியவர். அவர் மகன் ஜான் ஹாதோர்ன், 1692-இல் அதே ஊரில் சூனியக்காரர்கள் என்ற குற்றச்சாட்டின்பேரில் 19 பேர் தூக்கிலிடப்படக் காரணமாயிருந்த நீதிபதிகளுள் ஒருவர். அந்த நீதிபதிகளில் ஸாமுவேல் ஸீவால் என்பவர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 1697-இல், பாஸ்டனில் தம் சபையார் அனைவரும் கூடியிருந்த ஆலயத்தில் எழுந்து நின்று, தம் குற்றத்தையும் வெட்கத்தையும் ஒப்புக்கொள்ளும் அறிக்கையைப் போதகர் வாசிக்கக் கேட்டுத் தலைகுனிந்தார். ஜான் ஹாதோர்ன் அத்தகைய அறிக்கை எதுவும் செய்யவில்லை. நாவலின் நீண்ட முன்னுரையில், அந்த முன்னோர்களின் வெட்கத்தைத் தம்மேல் ஏற்றுக்கொள்வதாகவும், அவர்களால் குலத்துக்கு நேர்ந்த சாபம் நீங்க வேண்டுமென்றும் ஆசிரியர் எழுதுகிறார். எழுதிய மாத்திரத்தில் நீங்குமா என்பதே சங்கடம். பாவம் செய்தவனும் இல்லை. பாதிக்கப்பட்டு, மன்னிக்கும் உரிமை பெற்றவர்களோ தூக்குமரத்தில் முடிந்துபோனார்கள். எஞ்சியிருப்பவன் யாரிடத்தில் போய் மன்னிப்புக் கேட்பது? ஆளும் கட்சி மாறியதால் 1849-இல் சேலம் சுங்க அலுவலகத்து உத்தியோகத்தை இழந்து, அதே வருஷத்தில் தாயையும் பறிகொடுத்த ஒருவர், இந்த விடையில்லாத கேள்வியை நெஞ்சிலே வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார் என்பதை மறவாமல் நாவலைத் திறப்பது நல்லது.

கதை நிகழும் காலம் 1640-கள், இடம் பாஸ்டன். ஹெஸ்டர் பிரின் என்ற இளம்பெண், கணவன் அருகில் இல்லாத காலத்தில் பெற்ற மூன்று மாதக் குழந்தையோடு, மார்பிலே 'ஏ' என்ற செந்நிற எழுத்தைத் தரித்துக்கொண்டு, ஊரார் முன்னிலையில் தண்டனை மேடையில் நிறுத்தப்படுகிறாள். அந்தக் காலனியின் சட்டப்படி விபசாரக் குற்றத்துக்கு மரண தண்டனையே விதிக்கலாம். 1644-இல் மாஸசூஸெட்ஸில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இதற்காகவே தூக்கிலிடப்பட்டது சரித்திரம். ஆகையால் எழுத்தோடு விட்டது கருணை என்றே நீதிபதிகள் எண்ணிக்கொண்டார்கள். குழந்தையின் தகப்பன் யார் என்பதை அவள் சொல்ல மறுக்கிறாள். அவனோ மேடைக்கு மேலே உள்ள மாடத்தில், ஆளுநர் பெல்லிங்காமுக்கும் மூத்த போதகர் வில்ஸனுக்கும் அருகிலேயே இருக்கிறான். ஊரார் தேவதூதனாகப் பாவிக்கும் இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல்தான் அவன். மேலதிகாரிகள் கட்டளையிட்டபடியால், உடன் பாவம் செய்தவனுடைய பெயரைச் சொல்லிவிடும்படி அவனே அவளுக்கு உருக்கமாக உபதேசிக்க நேர்கிறது. தவறான இரக்கத்தால் அவனைக் காப்பாற்றாதே, மௌனம் அவனுடைய பாவத்தோடு கபடத்தையும் சேர்க்கும் என்று அவன் சொல்வதை, கேட்பவர்கள் போதனையாகக் கேட்கிறார்கள். அவள் ஒருத்தி மட்டும் அதைக் கெஞ்சுதலாகக் கேட்கிறாள். தனக்கில்லாத தைரியத்தை அவளிடம் இரவல் கேட்கும் ஆண்மகனை இலக்கியத்தில் இவ்வளவு மரியாதையான உடையில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

கூட்டத்தின் ஓரத்திலே மூன்றாமவன் நிற்கிறான். ஒரு தோள் சற்றே உயர்ந்த, படிப்பிலேயே ஆயுளைக் கழித்த வயோதிகன்; மனைவியை முன்னே அனுப்பிவிட்டுத் தான் பின்தங்கி, செவ்விந்தியரிடம் சிறைப்பட்டு மூலிகை வைத்தியம் கற்று, அன்றுதான் அவ்வூருக்கு வந்து சேர்ந்த அவளுடைய கணவன். ராஜர் சில்லிங்வொர்த் என்ற புதுப் பெயரைச் சூட்டிக்கொண்டு, வைத்தியனாக அன்றே சிறைக்குள் புகுந்து, அவளுக்கும் குழந்தைக்கும் மருந்து கொடுக்கிறான். விஷமோ என்று அவள் அஞ்சுகிறாள், அது விஷமன்று. மேலும், இளமையும் அழகும் உள்ள ஒரு பெண்ணைத் தன் குளிர்ந்த வீட்டுக்குள் கொண்டுவந்த முதற் குற்றம் தன்னுடையதே என்றும், ஆகவே அவர்களிருவருக்கும் நடுவே தராசு சமமாகவே நிற்கிறதென்றும் அவன் ஒப்புக்கொள்கிறான். நாவலில் முதன்முதலாகப் பாவத்தை அறிக்கையிடுகிறவன் இவனே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இவனைப் பிறவிப் பிசாசாகக் கருதிவிட்டால் நாவலின் நீதி முழுவதும் பாழாகிவிடும். இவன் நியாயஸ்தன், கணக்கைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவன். மனைவியின் கணக்கைத் தீர்த்துவிட்டு, தீராத மற்றொரு கணக்கை மட்டும் அவன் கையிலே எடுத்துக்கொள்கிறான்: அந்த மனிதனுடைய பெயரை அவள் சொல்ல வேண்டாம், தான் கண்டுகொள்வான்; ஆனால் தான் யார் என்பதை அவள் ஒருவருக்கும் சொல்லலாகாது. அவளும் வாக்குக் கொடுக்கிறாள். காதலனுடைய பெயரையும் கணவனுடைய பெயரையும் ஒருங்கே மறைக்கும் பாரம் அன்று முதல் அவளுடையதாகிறது.

ஹென்றி ஜேம்ஸ் 1879-இல் ஹாதோர்னைப் பற்றி எழுதிய புத்தகத்தில், முதற் காட்சிக்குப் பிறகு ஹெஸ்டர் இரண்டாம் பட்சமான பாத்திரமாகிவிடுகிறாள் என்றும், கதை பெரும்பாலும் காதலனுக்கும் கணவனுக்கும் நடுவிலேயே நடக்கிறதென்றும் கூறுகிறார். அவருடைய நுண்ணறிவை வணங்குகிறேன். இந்த அபிப்பிராயத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. காரணத்தைப் பின்னால் கூறுகிறேன். ஆனால் அந்த இருவருக்கும் நடுவே உள்ள உறவு விசித்திரமானது என்பதிலும், நாவலின் மத்திய பாகம் முழுவதையும் அதுவே கவர்ந்துகொள்கிறது என்பதிலும் சந்தேகமில்லை.

டிம்ஸ்டேல் ஏன் மௌனமாக இருந்தான்? பயம் என்று சொல்லிவிட்டால் பாதி விடைதான் ஆகும். அவனே வைத்தியனோடு நடத்தும் சம்பாஷணை ஒன்றில், யாரோ மூன்றாம் மனிதர்களைப் பற்றிப் பேசுவதுபோல, சிலர் தங்கள் களங்கத்தை வெளிக்காட்ட மறுப்பதற்குக் காரணம் அதன்பின் அவர்களால் உலகத்துக்கு ஒரு நன்மையும் செய்ய முடியாமற் போகும் என்பதே என்கிறான். இது முழுப் பொய்யன்று, அதனால்தான் ஆபத்தானது. அவனுடைய பிரசங்கத்தைக் கேட்டு மனந்திரும்பியவர்கள் மெய்யாகவே உண்டு; பாவத்தின் வேதனையை உள்ளிருந்து அறிந்தவனாகையால், பாவிகளின் நெஞ்சைத் தொடும் வாக்கு அவனுக்குச் சித்தித்தது. தான் மகா பாவி, மனிதரில் கடையன் என்று பிரசங்க பீடத்திலிருந்தே அவன் பலமுறை அறிவிக்கவும் செய்தான். கேட்டவர்கள் அதைப் பணிவின் சிகரமாகக் கொண்டு முன்னிலும் அதிகமாக வணங்கினார்கள். அவர்கள் அப்படித்தான் கொள்வார்கள் என்பது சொல்லும்போதே அவனுக்குத் தெரியும். உண்மையையே உரைத்து அதையே பொய்யாக்கிவிடும் இந்த வித்தை, சமயத் துறையில் உள்ளவர்களுக்கு மட்டுமே எளிதில் வசமாகும் போலும். இரவிலோ, பூட்டிய அறைக்குள் சாட்டையால் தன்னைத்தானே அடித்துக்கொண்டு, உபவாசமும் கண்விழிப்புமாகத் தவம் கிடந்தான். அவ்வளவும் பிராயச்சித்தமே ஒழியப் பச்சாத்தாபம் அல்ல என்று அவனே பின்னர் ஒப்புக்கொள்கிறான். யாரிடத்தில் குற்றம் செய்தோமோ அவரை நோக்காமல், தன்னைத்தானே நோக்கிச் செய்யும் தண்டனை எவ்வளவு கொடியதாயினும் அதற்கு முடிவே இல்லை. கடனை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டவன் எத்தனை முறை பணத்தை எண்ணி வைத்தால் என்ன!

இங்கே அந்த ஊராருடைய சமயத்தின் அமைப்பையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று உண்டு. பாவி குருவின் செவியிலே தன் பாவத்தைச் சொல்கிறான். குரு இறைவனுடைய பெயரால் பாவ விமோசனம் கூறுகிறார். கேட்டதை மரணபரியந்தம் வெளியிடார். கால்வின் வழிவந்த பியூரிட்டன் சமயத்தார், மனிதனுக்கும் தேவனுக்கும் நடுவே வேறொரு மனிதன் நிற்கலாகாதென்று இந்த ஏற்பாட்டை அகற்றினார்கள். அதிலே பெருந்தன்மையும் உண்டு, பெருந்தனிமையும் உண்டு. யாக்கோபின் நிருபம் ஒருவர்க்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறதே என்றால், அதைச் சபையார் முன் பகிரங்கமாகச் செய்யலாம். அப்படிச் செய்த போதகன் மறுநாள் போதகனாக இருக்க முடியாது. ஆகவே டிம்ஸ்டேலுக்கு எதிரே இருந்தவை இரண்டே: ஒன்று, எல்லோரிடத்திலும் சொல்லுதல், மற்றொன்று, ஒருவரிடத்திலும் சொல்லாமை. ஒரே ஒருவரிடத்தில், அவரும் அன்புடையவராயிருக்க, சொல்லிவிடும் நடுவழி அவனுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஹாதோர்ன் இந்தக் குறையை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய கடைசி நாவல்களில் ஒன்றான 'மார்பிள் ஃபான்' சாட்சி. 1860-இல் வெளியான அந்த நூலில், பியூரிட்டன் குலத்துப் பெண் ஒருத்தி, தான் கண்ட ஒரு கொலையின் இரகசியத்தைத் தாங்க மாட்டாமல், ரோமாபுரியில் அர்ச். இராயப்பர் பேராலயத்துக்குள் புகுந்து, தன் மதமல்லாத குருவின் செவியிலே அதைக் கொட்டிவிட்டு எழுந்து வருகிறாள்.

டிம்ஸ்டேலுக்கு அப்படி ஓர் ஆலயம் கிடைக்கவில்லை. காலியாக விடப்பட்ட அந்தக் குருவின் ஆசனத்திலே வைத்தியன் வந்து அமர்ந்துகொண்டான். உடல்நலம் குன்றிய போதகரைக் காப்பாற்ற இறைவனே அனுப்பிய பண்டிதர் என்று சபையார் மகிழ, இருவரும் ஒரு பக்தியுள்ள விதவையின் வீட்டில் ஒன்றாகக் குடியேறுகிறார்கள். போதகருடைய அறைச் சுவரிலே தாவீது, பத்சேபாள், நாத்தான் தீர்க்கதரிசி ஆகியோரின் கதையைச் சித்திரித்த திரைச்சீலை தொங்குகிறது. இதை அலங்காரமாக மட்டும் ஆசிரியர் அங்கே மாட்டவில்லை. பிறன் மனைவியைக் கவர்ந்த அரசனுடைய மறைந்த பாவத்தை நாத்தான் அறிந்தான். வைத்தியனும் டிம்ஸ்டேலின் பாவத்தை அறிகிறான். ஆனால் நாத்தான் தாவீதின் முகத்துக்கு நேரே நின்று அந்த மனிதன் நீயே என்று சொன்னான். சொல்லி, அவன் உடைந்தபோது கர்த்தர் அவனுடைய பாவத்தை நீக்கினார் என்பதையும் சொன்னான். சில்லிங்வொர்த்தோ அறிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறான். தொடக்கத்தில் அவன் நீதிபதிக்குரிய நேர்மையோடு, க்ஷேத்திரகணிதத்தின் வினா ஒன்றை ஆராய்வதுபோலவே உண்மையைத் தேடினான் என்று ஆசிரியர் கூறுவது மிகவும் முக்கியம். தன் சொந்த அவமானமும் ஆத்திரமும் அதிலே கலவாதிருந்தது ஒரு குணம் போலத் தோன்றும். உண்மையில் அதுவே வினை. கோபித்தவன் அடித்துவிட்டு ஓய்வான், ஆராய்கிறவனுக்கு ஓய்வில்லை.

ஆத்மாவின் நோயைத் தெரிவித்தாலன்றி உடலின் நோயைத் தீர்க்க முடியாதென்று வைத்தியன் ஒருநாள் நெருக்கும்போது, போதகர் வெகுண்டெழுந்து, உம்மிடத்தில் அல்ல, ஆத்மாவின் வைத்தியராகிய கடவுளிடத்திலேயே அதைத் திறப்பேன் என்று அறையை விட்டு வெளியேறுகிறார். சிறிது நேரத்துக்கெல்லாம் தாமே வந்து அந்த வெகுளிக்காக மன்னிப்பும் கேட்கிறார். ஏன் கேட்டார்? அவனைக் கண்டால் அவருடைய உடல் நடுங்குகிறது. ஆனால் அந்த நடுக்கத்தைத் தம் பாவத்தின் விளைவு என்றே கருதி, அவனை வெறுத்ததற்காகத் தம்மையே கடிந்துகொள்கிறார். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. ஆசிரியர் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. தம்மை முற்றிலும் அறிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்ற தாகம், அறிபவன் பகைவனாயிருந்தாலும், அவரை அவனோடு பிணைத்திருக்க வேண்டும். பின்னொரு பகலில் போதகர் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கையில், வைத்தியன் வந்து அவருடைய மார்பை மூடிய அங்கியை விலக்கிப் பார்க்கிறான். பார்த்துவிட்டு ஆனந்தக் கூத்தாடுகிறான். சிறையிலே விஷம் கலக்காத அதே கை, இங்கே ஒரு துணியை விலக்கியதோடு சரி. ஆனாலும் நாவலில் நடக்கும் மிகப் பெரிய பலாத்காரம் அதுதான். சொல்வதும் சொல்லாததும் ஒருவனுடைய சுதந்திரம், அந்தச் சுதந்திரம் அவன் தூங்கும்போது அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது.

இனி ஹெஸ்டரிடம் வருவோம். ஜேம்ஸின் தீர்ப்பை நான் ஏற்காததற்குக் காரணம், நாவலின் 24 அதிகாரங்களில் 14-ஆவதும் 17-ஆவதும் அவளுடையவை என்பதே. ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பிணச் சீலையிலும் ஆளுநரின் உடையிலும் அவளுடைய ஊசி வேலை ஏறியது. மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் அவளை ஒருவரும் அழைக்கவில்லை. டிம்ஸ்டேல் அழிந்துகொண்டிருப்பதைக் கண்டு, தான் கொடுத்த வாக்கே அதற்குக் காரணம் என்றுணர்ந்து, கடற்கரையில் மூலிகை பறித்துக்கொண்டிருக்கும் கணவனிடம் அவள் செல்கிறாள். இரகசியத்தை இனிக் காப்பாற்ற மாட்டேன் என்று அறிவித்தபின், அவனுக்காகவே ஒரு வேண்டுகோள் விடுக்கிறாள்: நாம் மூவரும் இருளிலே தடுமாறுகிறோம், உனக்கு மட்டும் ஒரு நன்மை மிச்சமிருக்கிறது, ஏனென்றால் அநீதி இழைக்கப்பட்டவன் நீ, மன்னிக்கும் அதிகாரம் உன்னிடத்தில்தான் இருக்கிறது, அதையும் எறிந்துவிடாதே. எந்தப் போதகனும் அந்த நாவலில் இவ்வளவு ஆழமான வேதாந்தத்தைப் பேசவில்லை. அதற்கு வைத்தியன் அளிக்கும் பதில், தான் என்றோ மறந்துவிட்ட பழைய சமய நம்பிக்கை தனக்குத் திரும்பி வருகிறது, மன்னிப்பது தனக்கு அருளப்படவில்லை, அவள் தவறி வைத்த முதல் அடிக்குப்பின் நடந்ததெல்லாம் விதி என்பதாகும்.

இந்த விடையை மெய்யென்று கொள்ளும் விமர்சகர்கள் உண்டு. இரட்சிக்கப்படுகிறவரும் கைவிடப்படுகிறவரும் உலகத் தோற்றத்துக்கு முன்பே முன்குறிக்கப்பட்டவர் என்ற கால்வினுடைய கோட்பாட்டையே ஆசிரியர் இவன் வாயிலாக ஒப்புக்கொள்கிறார் என்பர். நான் அப்படி நினைக்கவில்லை. சிறைக்குள்ளே அவன் பேசிய முதல் நாளில் விதியின் பேச்சே இல்லை. உன் குற்றம், என் குற்றம் என்று பங்கிட்டுப் பேசினான். விருப்பம் இருந்தவரையில் அவன் கணக்கன். விருப்பம் கெட்டபின் விதிவாதி. அன்றியும் தன் மெய்யான உருவத்தை அந்தக் கணத்தில் மனக்கண்ணால் கண்டு அவனே திடுக்கிட்டதாகவும், முன்னே தான் அமைதியும் அன்பும் உள்ளவனாக வாழ்ந்ததை நினைத்து வருந்தியதாகவும் ஆசிரியர் எழுதியிருக்கிறார். திரும்ப முடியாதவனுக்குத் திடுக்கிடல் எதற்கு? இன்னுமொன்று. தன் வைத்தியம் இல்லாவிடில் போதகன் இரண்டாண்டுகளுக்குள் செத்திருப்பான் என்று அவன் பெருமைப்படுகிறான், அது உண்மைதான். வருத்துவதற்காகவே உயிர் கொடுத்து வந்தவன், மன்னிக்கச் சக்தியில்லை என்று சொல்வதை எப்படி நம்புவது?

அடுத்தது காடு. அங்கே டிம்ஸ்டேலைத் தனியே சந்தித்து, உம்மோடு ஒரே கூரையின் கீழ் வாழும் அந்த வைத்தியன் என் கணவன், அதை நான் உம்மிடமிருந்து மறைத்தேன் என்று ஹெஸ்டர் சொல்லிவிடுகிறாள். அவருடைய முகம் இருண்டு கடுக்கிறது; உன்னை மன்னிக்க என்னால் முடியாது என்கிறார். ஏழு வருஷ காலம் உலகமெல்லாம் முகம் சுளித்ததைத் தாங்கியவள், இந்த ஒரு முகத்தின் சுளிப்பைத் தாங்க மாட்டாமல், இலைகளின்மேல் அவர் அருகே விழுந்து, அவரை அணைத்துக்கொண்டு, கடவுள் தண்டிக்கட்டும், நீர் மன்னியும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். மன்னித்தேன் என்று அவர் சொல்கிறார். நாவல் முழுவதையும் தேடிப் பார்த்தாலும், குற்றம் செய்தவர் குற்றத்தின் பெயரைச் சொல்லி, பாதிக்கப்பட்டவரிடமே அறிக்கையிட்டு, மன்னிப்புக் கேட்டு, கேட்ட மன்னிப்பைப் பெற்றது இந்த ஓரிடத்தில்தான். நடந்த இடம் ஆலயமுமன்று, நீதிமன்றமுமன்று. பெண் ஒருத்தி இரண்டு ஆண்களிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசினாள். ஒருவன் மறுத்தான், ஒருவன் முதலில் மறுத்துப் பின் கொடுத்தான். கதையின் முடிவு இவ்விரண்டு பதில்களாலேயே நிர்ணயமாகிறது.

மன்னித்த கையோடு போதகர் ஒரு தீர்ப்பும் கூறுகிறார்: அந்த முதியவனுடைய பழிவாங்கல் நம்முடைய பாவத்தைவிடக் கொடியது, ஒரு மனித இருதயத்தின் பரிசுத்தத்தை அவன் நிதானமாகத் திட்டமிட்டுக் கெடுத்தான், நாம் அப்படிச் செய்யவில்லை. இது ஹாதோர்னுடைய சொந்தத் தீர்ப்பும் ஆகும். குறிப்பேட்டிலிருந்து நேராக வந்தது. ஆயினும் அதைச் சொல்லும் வாய் எது என்று பார்த்தால் மனம் சற்றே கூசுகிறது. தன்னைவிடப் பெரிய பாவி ஒருவன் இருக்கிறான் என்பதில் ஆறுதல் காணும் மனம் இன்னும் திருந்தவில்லை என்பதே பொருள். மறுபடியும் ஒரு சான்று: தாமும் ஹெஸ்டரும் குழந்தையுமாக மூவரும் கப்பலேறி ஐரோப்பாவுக்குத் தப்பிச் செல்வதென்று முடிவானவுடன், கப்பல் புறப்படும் நாள் ஆளுநர் தேர்தல் நாளின் பிரசங்கத்துக்கு மறுநாள் என்று அறிந்து அவர் மிகவும் மகிழ்கிறார். ஊரை ஏமாற்றி ஓடப் போகிறவருக்கு, கடமையில் குறை வைக்காமல் போனான் என்ற பெயர் வேண்டியிருக்கிறது!

அந்தப் பிரசங்கம் முடிந்ததும், புகழின் உச்சியில், அவர் ஹெஸ்டரையும் குழந்தை பேர்லையும் கைப்பிடித்துக்கொண்டு தண்டனை மேடையில் ஏறி ஊரறிய ஒப்புக்கொண்டு உயிர் துறக்கிறார். இதை வீரச் செயலென்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் உற்றுக் கேட்டால், நடுவிலேயே நான் என்பது போய் அவன் என்று படர்க்கையில் பேசத் தொடங்கிவிடுவது காதில் விழும். அதனால்தான் அவருடைய மார்பிலே எழுத்தைக் கண்டோம் என்றவர்களும், அங்கே ஒன்றுமில்லை, பாவத்தைப் பற்றிய கடைசி உபமானமாகவே அவர் தம் மரணத்தை அமைத்தார் என்றவர்களும் ஊரில் இருந்தார்கள். மறுமையில் நாம் சந்திப்போமா என்ற ஹெஸ்டரின் ஒரே கேள்விக்கு அவர் அன்பைச் சொல்லாமல், மீறிய கற்பனையை நினைக்கச் சொல்கிறார். அவளிடத்தில் பெற்றதற்கு ஈடாக அவர் ஒன்றும் தரவில்லை என்றே நான் நினைக்கிறேன்; வைத்தியனைப் பார்த்து, கடவுள் உன்னை மன்னிப்பாராக, நீயும் கொடிய பாவம் செய்தாய் என்று சொன்னதுதான் அந்த மேடையில் அவர் பேசிய மிகச் சிறந்த வாக்கு.

அந்த மேடைக்கு அவர் ஏறாதபடி கடைசிவரை இழுத்துப் பிடித்தவன் வைத்தியனே. பழிவாங்க நினைப்பவன் பகைவனுடைய அவமானத்தை ஏன் தடுக்க வேண்டும்? ஊரெல்லாம் அறிந்துவிட்ட இரகசியத்துக்கு விலை இல்லை. அவன் ஏழாண்டுகளாக வாழ்ந்தது வெறுப்பினாலன்று, தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தியினால். ஆகையால்தான் தப்பிவிட்டாயே என்று அவன் புலம்புகிறான். ஓராண்டுக்குள் பிடுங்கிப் போட்ட களைபோல வாடி மடிகிறான். அன்பும் பகையும் அடியிலே ஒன்றுதானோ, இரண்டும் மற்றொருவருடைய நெஞ்சின் உட்புறத்தை அறிவதையே உணவாகக் கொள்கின்றனவே என்று ஆசிரியர் இறுதி அதிகாரத்தில் கேட்பது அவருடைய பெருங்கருணை. அந்தக் கருணையை நான் மதிக்கிறேன்; முடிவை ஏற்கவில்லை. அன்பு அறிவதோடு நிற்பதில்லை, அறிந்தபின் ஏதேனும் கொடுக்கிறது.

சில்லிங்வொர்த்தும் ஒன்று கொடுத்தான் என்பது உண்மையே. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த தன் பெருஞ்சொத்தை, தன்னுடையதல்லாத குழந்தையாகிய பேர்லுக்கு எழுதி வைத்துவிட்டு இறந்தான். அவனுடைய மனந்திரும்புதலுக்கு இதைச் சாட்சியாகக் காட்டுவோர் உளர். சிறையிலே அன்று தராசு சமம் என்று சொன்ன கணக்கனை நான் மறக்கவில்லை. தாயின் இளமையைக் கவர்ந்துகொண்ட கடனை மகளிடம் அடைத்தான் என்றே கொள்கிறேன். கடனைத் தீர்ப்பது நியாயம். அவனிடத்தில் கடற்கரையிலே ஹெஸ்டர் கேட்டது நியாயத்தை அல்ல. அந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர்கள், அவளைத் தண்டனை மேடையில் நிறுத்தி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆளுநர் பெல்லிங்காமும் போதகர் வில்ஸனுமே.